பூட்டிவிட்டுப் போன காரையும் கமரா பார்த்துக்கொள்ள: டாஷ் கமராவுக்குத் தனிப் பற்றரி பூட்டும் முறை

கொழும்பில் கார் வைத்திருக்கிறவருக்கு ஓட்டும்போது வரும் பதற்றத்தைவிட நிறுத்திவிட்டுப் போகும்போது வரும் பதற்றம் கூட. வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் ஓட்டோ, நடுவில் தண்ணீர்ப் போத்தல் லொறி ரிவர்ஸ் எடுக்கும். கொட்டாஞ்சேனையில் “அஞ்சு நிமிசம்தானே” என்று விட்டுவிட்டுப் போன காரின் கதவில் திரும்பி வரும்போது நீளமாக ஒரு கீறல் இருக்கும், கேட்டால் தெருவில் ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். டாஷ் கமரா வாங்கப் போகிறவர்கள் விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்கிங் மோட், அதாவது நிறுத்திவிட்டுப் போன பிறகும் கமரா பதிந்துகொண்டிருக்கும் வசதி, பற்றிக் கேட்பது இதனால்தான்.

பார்க்கிங் மோட் இப்போது அநேகமான கமராக்களில் இருக்கிறது. ஆனால் பூட்டிய காரில் கமராவுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். வழமையான வழி, காரின் சொந்தப் பற்றரியிலிருந்தே எடுப்பது, வோல்ற்றேஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் கமராவை நிறுத்திவிடும் சின்ன வயரிங் கிட் ஒன்றோடு. மற்ற வழி, கமராவுக்கென்று தனிப் பற்றரி ஒன்றை வைத்து, கார் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்து, நிற்கும்போது அதிலிருந்து மட்டும் எடுப்பது. இங்கே சொல்லப் போவது இரண்டாவது வழி. உங்களுடையது ஹைபிரிட் என்றாலோ, வார இறுதியில் காரைத் தொடாமல் விடுகிற ஆள் என்றாலோ, என் அபிப்பிராயத்தில் இதுதான் சரிவரும்.

வயரைத் தொட முன் ஒரு கணக்கு

முன்னும் பின்னுமாக இரண்டு கமரா உள்ள செட் ஒன்று பார்க்கிங் மோடில் சுமாராக 3 முதல் 4 வாற் எடுக்கும். 4 வாற் என்றே வைத்துக்கொள்வோம். 12 வோல்ற்றில் அது ஒரு அம்பியரில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு இரவு பத்து மணித்தியாலம் என்றால் 3.3 அம்பியர் மணி, பயப்பட ஒன்றுமில்லை. வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்கு நிறுத்தி திங்கள் காலை ஏழு மணிக்கு எடுத்தால் 61 மணித்தியாலம், 20 அம்பியர் மணிக்கு மேல் போய்விடும். அக்குவா, பிரியஸ் போன்ற டொயோட்டா ஹைபிரிட்களில் இருக்கும் 12 வோல்ற் பற்றரி எஞ்சினைச் சுற்றுவதற்கானது அல்ல, கம்பியூட்டர்களை எழுப்பிவிடுவதற்கானது, அதனால் அளவில் சின்னது. அதில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் திங்கள் காலை கார் ரெடி நிலைக்கு, அதாவது ஓடத் தயாரான நிலைக்கு, வராமல் போகலாம். ஈயப் பற்றரி அடிக்கடி அடிவரை இறங்கினால் ஆயுளும் குறையும். கிட் இடையில் நிறுத்திவிடும்தான், ஆனால் சனிக்கிழமை மத்தியானமே கமரா தூங்கிவிட்டால் பிறகு எதற்கு பார்க்கிங் மோட்?

இனி தனிப் பற்றரிப் பக்கத்தைப் பாருங்கள். டாஷ் கமராவுக்கென்று விற்கும் பெட்டிகளில் பரவலான அளவு ஒன்று 12.8 வோல்ற், 7.5 அம்பியர் மணி, அதாவது 96 வாற் மணி. 4 வாற் கமராவுக்கு கணக்குப்படி 24 மணித்தியாலம், இழப்பு போக இருபது என்று எடுங்கள். நேராக பியூஸ் பெட்டியிலிருந்து 9 அம்பியரில் சார்ஜ் செய்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் நிரம்பும், பாதிக் கரண்டில் செய்தால் அதன் இரண்டு மடங்கு நேரம். இங்கேதான் கொழும்பு ட்ரபிக் ஒரு நல்ல காரியம் செய்கிறது. பற்றரிக்குத் தூரம் தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு பத்துக் கிலோமீற்றர்கூட இல்லை, ஆனால் காலையில் காலி வீதியில் ஊர்ந்து போகும் நேரத்துக்குள் பெட்டியில் பெரும்பகுதி நிரம்பிவிடும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது மட்டும்தான் ஓட்டம் என்றால் கணக்கு வேறு. காலையில் 15 நிமிடம், பின்னேரம் 15 நிமிடம் என்றால் 9 அம்பியரில் 4.5 அம்பியர் மணி சேரும், அது கமராவை 12, 13 மணித்தியாலம் வைத்திருக்கும். பாதிக் கரண்டில் 6 மணித்தியாலம்தான். அப்படியானவர் இன்னும் பெரிய பெட்டி வாங்குவதில் பயனில்லை, நிரப்பவே மாட்டார். கமராவின் மோடைத்தான் மாற்ற வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன்.

வாங்கும்போது

பெட்டிக்குள் இருப்பது லித்தியம் அயன் பொஸ்பேட் வகையா என்று பாருங்கள், இது கட்டாயம். கொழும்பு வெயிலில் மூடி நிற்கும் காருக்குள் சூடு 60 பாகை வரைக்கும் போகலாம், டாஷ்போர்டின் மேல் இன்னும் கூட. போனுக்குப் பாவிக்கும் பவர் பேங்கை அந்தச் சூட்டில் விட்டு இரவு பகலாக ஓடவிடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பொஸ்பேட் வகை சூட்டை ஓரளவு தாங்கும், அடிக்கடி ஏற்றி இறக்கினாலும் பல வருடம் போகும். அதற்கும் எல்லை உண்டு: பெரும்பாலானவை 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்கக் கூடாது, 60 அளவில் தானாக நின்றுவிடும். மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றையும் ரிலே ஒன்றையும் வைத்து மலிவாகச் செய்து தருகிறேன் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். அமிலம் உள்ள ஈயப் பற்றரியைச் சீட்டுக்கு அடியில், நீங்கள் மூச்சு விடும் இடத்தில் வைக்க வேண்டாம், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும்.

கமராவும் பற்றரி உள்ளதாக இல்லாமல் சுப்பர் கெப்பாசிட்டர் (பற்றரிக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் கரண்ட் சேமிக்கும் துண்டு) உள்ளதாக இருந்தால் நல்லது, காரணம் அதே சூடுதான். மெமரி கார்டில் ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்று போட்டிருக்கும் வகையை எடுங்கள். சாதாரணக் கார்ட் இரவு பகலாக எழுதி எழுதிச் சீக்கிரம் போய்விடும், அது போனது உங்களுக்குத் தெரியவரும் நாள் கட்டாயம் காரில் அடிபட்ட நாளாகத்தான் இருக்கும்.

லண்டன், கனடா என்று வெளியிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் பெட்டியைக் கொண்டுவரச் சொல்கிறவர்கள் கவனிக்க: தனியாகக் கொண்டுவரும் லித்தியம் பற்றரி செக்-இன் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான். 100 வாற் மணிக்குள் என்றால் பொதுவாகப் பிரச்சினையில்லை, 100க்கும் 160க்கும் இடையில் என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது. 96 வாற் மணிப் பெட்டிகள் இவ்வளவு பரவலாக இருப்பது நமக்கு வசதிதான். பெட்டியின் மேல் வாற் மணி அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மாமா விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

மற்றச் சாமான்கள் சின்னவை: மல்டிமீற்றர் ஒன்று, பியூஸ் டாப் ஒன்று, வளைய முனைகள், 10 மில்லிமீற்றர் ஸ்பானர், பிளாஸ்டிக் நெம்பி, துணி ரேப், கேபிள் ரை. பஞ்சிகாவத்தையில் ஒரு நடையில் எல்லாம் கிடைக்கும். பியூஸ் டாப் என்பது பியூஸ் இருந்த இடத்தில் செருகி, பழைய பியூஸையும் வைத்து, பக்கத்தில் இன்னொரு பியூஸோடு புது வயரை எடுக்க உதவும் துண்டு. அதில் நாலைந்து அளவு உண்டு, ஜப்பான் கார்களில் அதிகம் காண்பது மினியும் உயரம் குறைந்த மினியும். அளவு தெரியாவிட்டால் காரின் பியூஸ் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மலிவான டாப்களின் வயர் மெல்லியது, 10 அம்பியர்தான் தாங்கும் என்று எழுதியிருக்கும். 9 அம்பியரில் தொடர்ந்து ஒரு மணித்தியாலம் இழுக்கப் போகிறீர்கள் என்றால் தடித்த வயர் உள்ளதை எடுங்கள்.

பியூஸ் தேர்வு: நேரம் செலவழிக்க வேண்டிய இடம்

மற்ற எல்லா வேலையும் வயரை மறைக்கும் வேலைதான். இது ஒன்றுதான் யோசித்துச் செய்ய வேண்டியது, ஆகவே அவசரப்பட வேண்டாம்.

முதலில் பியூஸ் பெட்டியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே வலது பக்கம் அல்லது இடது பக்கம் கிளவ் பொக்ஸுக்குப் பின்னால். ஜப்பானில் இருந்து இறக்கிய காரின் கையேடு முழுக்க ஜப்பான் மொழியில் இருக்கும், போன் கமராவால் மொழிபெயர்த்துப் பாருங்கள், வேலைக்குப் போதுமான அளவுக்கு விளங்கும். ஏர்பேக், ஏபிஎஸ், பிரேக் லைட், எஞ்சின் கம்பியூட்டர் என்று எது இருந்தாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம். நமக்கு வேண்டியது சிகரெட் லைட்டர் சொக்கெட், பின் வைப்பர் போல, இல்லாவிட்டாலும் கார் ஓடும் என்கிற ஒரு பியூஸ். 9 அம்பியர் சார்ஜுக்கு 15 அம்பியர் அல்லது கூடிய பியூஸ் உள்ள இடம் வேண்டும், 15 அம்பியர் என்றால் நீல நிறம். 10 அம்பியர் சிவப்பு, 20 மஞ்சள்.

பற்றரிப் பெட்டி கார் ஓடும்போது மட்டும் சார்ஜ் ஆக வேண்டும். பலரும் ஏசிசி நிலையில், அதாவது எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலையில், உயிர் வரும் பியூஸைப் பிடிப்பார்கள், வேலை செய்யும். ஆனால் மனைவி கடைக்குள் போயிருக்கும்போது எஞ்சின் இல்லாமல் ரேடியோ மட்டும் போட்டுக்கொண்டு இருக்கும் பழக்கம் உள்ளவர் என்றால், அந்த நேரம் முழுக்க உங்கள் பெட்டி காரின் சின்னப் பற்றரியை 9 அம்பியரில் உறிஞ்சிக்கொண்டிருக்கும். அதனால் ஏசிசியில் உயிர் வராமல், அடுத்த ‘ஒன்’ நிலையில் மட்டும் உயிர் வரும் பியூஸ்தான் என் தேர்வு. பின் வைப்பர் பெரும்பாலும் அப்படித்தான்.

சோதிப்பது இப்படி. மல்டிமீற்றரை 20 வோல்ற் டிசியில் வையுங்கள், கறுப்பு முனையைப் பெயின்ற் இல்லாத உலோகப் போல்ற் ஒன்றில் பிடியுங்கள். பியூஸைக் கழற்ற வேண்டாம், அதன் முதுகில் இரண்டு சின்ன உலோகப் புள்ளி தெரியும், சிவப்பு முனையை அங்கே தொடுங்கள். கார் அணைந்திருக்கும்போது பூச்சியம், ஏசிசியில் பூச்சியம், ஒன் நிலையில் 12க்கு மேல் என்றால் அதுதான் உங்கள் பியூஸ். புதிய கார்கள் சிலவற்றில் அணைத்த பிறகும் சில நிமிடம் கரண்ட் நிற்கும், கதவைத் திறந்தால் மறுபடி எழும்பும். அதனால் திறந்த கதவின் பூட்டு நாக்கை ஸ்குரூ ட்ரைவரால் அழுத்தி, கதவு மூடியதாகக் காரை நம்பவைத்து, ஸ்மார்ட் திறப்பைத் தூரத்தில் வைத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து இன்னொருமுறை பாருங்கள். பிறகு நாக்கை விடுவிக்காமல் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

அடுத்தது டாப்பின் திசை, கடைகளில்கூட இதை யாரும் பார்ப்பதில்லை. டாப்பின் இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் கரண்ட் வரும் பக்கத்தில் இருக்க வேண்டும். தலைகீழாகப் போனால் உங்கள் புது வயரின் கரண்ட் பழைய பியூஸையும் தாண்டித்தான் வரும், இரண்டின் சுமையும் அதன் தலையில் விழும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. பழைய பியூஸை டாப்பில் போடாமல், புது பியூஸை மட்டும் போட்டுச் செருகி, ஒன் நிலைக்குக் கொண்டுபோய் வயர் நுனியில் அளந்து பாருங்கள். 12 வோல்ற் வந்தால் திசை சரி, வராவிட்டால் காரை அணைத்துவிட்டுத் திருப்பிச் செருகுங்கள். அப்புறம் பழைய பியூஸையும் போடலாம். புது பியூஸின் அளவு பற்றரிப் பெட்டிக்காரர் சொன்ன அளவுதான், கையில் கிடைத்தது என்று 30 அம்பியர் போடக் கூடாது.

ஐடில் ஸ்டொப் உள்ள வேகன் ஆர் போன்ற சின்னக் கார்களுக்கு ஒரு குறிப்பு: சிவப்பு விளக்கில் எஞ்சின் நிற்கும்போது பெட்டி காரின் பற்றரியிலிருந்துதான் இழுக்கும். அவற்றில் சார்ஜ் கரண்டைக் குறைந்த அளவில் வையுங்கள், பெட்டியில் அதற்கு ஒரு சுவிட்ச் அல்லது செட்டிங் இருக்கும். டொயோட்டா ஹைபிரிட்களில் இந்தக் கவலை இல்லை, ரெடி நிலையில் இருக்கும்வரை எஞ்சின் நின்றாலும் பெரிய பற்றரியிலிருந்து கன்வேட்டர் வழியாக 14 வோல்ற் அளவில் வந்துகொண்டிருக்கும். ஆனால் செம்மஞ்சள் நிற உறை போட்ட கேபிள் எதைக் கண்டாலும் கையை எடுங்கள், அது வேறு வோல்ற்றேஜ்.

பெட்டியை வைப்பதும் வயரைக் கொண்டுபோவதும்

இடம் முன் சீட்டுக்கு அடியில், முன் பயணியின் சீட் என்றால் வசதி. வெயில் நேரே படாது, ஏசிக் காற்றும் படும். சீட்டை முன்னும் பின்னும் முழுக்க நகர்த்தி எங்கும் இடிக்கவில்லை என்று பார்த்து வெல்க்ரோவால் ஒட்டுங்கள், சும்மா விட்டால் சடுதியாக பிரேக் அடிக்கும்போது பாய்ந்து வரும். மழைக்கு நனைந்த குடை வைக்கிற இடத்தில் வேண்டாம். தெருவில் வெள்ளம் நிற்கும் பகுதியில் இருப்பவர்கள் தரைக் கம்பளத்தில் நேரே வைக்காமல் ஒரு பலகைத் துண்டின் மேல் உயர்த்தி வையுங்கள். பின் சீட்டோடு இருக்கும் ஹைபிரிட் பற்றரியின் காற்றுத் துவாரத்தை மறைக்கும்படி எதையும் வைக்கக் கூடாது, அது அடைபட்டால் வரும் செலவுக்கு இந்தக் கமராவைப் பல தடவை வாங்கலாம்.

கறுப்பு வயருக்கு வளைய முனை போட்டு, கதவோரம் கால் வைக்கும் பக்கத்துப் பிளாஸ்டிக்கை நெம்பினால் தெரியும் உலோகப் போல்ற் ஒன்றில் இறுக்குங்கள். பெயின்ற் பூசிய போல்ற்றும் ஏர்பேக் பெட்டியைப் பிடித்திருக்கும் போல்ற்றும் வேண்டாம். சிவப்பு வயர் பியூஸ் டாப்புக்கு. பெட்டிக்குக் கரண்ட் வரும் உள்வழி அவ்வளவுதான், இரண்டே வயர்.

பெட்டியிலிருந்து கரண்ட் போகும் வெளிவழியில் கமராவின் மூன்று வயர் கிட் வரும். வழக்கமாக மஞ்சள் நிரந்தரக் கரண்ட், சிவப்பு ஏசிசி, கறுப்பு நெகட்டிவ், ஆனால் நிறத்தை நம்பாமல் வயரில் ஒட்டியிருக்கும் துண்டை வாசியுங்கள். மஞ்சளும் கறுப்பும் பெட்டியின் வெளிவழிக்கு. சிவப்புக்குப் பெட்டியிலேயே ஏசிசி வயர் இருந்தால் அதற்கு, இல்லாவிட்டால் காரின் பியூஸுக்கு. இந்தச் சிவப்பு வயரில் கரண்ட் போனதும்தான் கமராவுக்குக் கார் நின்றது தெரியும். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் கமரா ஓடிக்கொண்டிருப்பதாகவே நினைத்து முழு வேகத்தில் பதிந்துகொண்டே இருக்கும், இருபது மணித்தியாலம் போக வேண்டிய பெட்டி பாதியிலேயே தீர்ந்துவிடும். கிட்டில் இருக்கும் வோல்ற்றேஜ் தடையை ஆகக் குறைந்த அளவில் வையுங்கள். காரின் பற்றரியைக் காக்க வந்த தடை அது, இப்போது உங்கள் பெட்டி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கமராவுக்குப் போகும் வயரைக் கூரைத் துணியின் விளிம்புக்குள் தள்ளி, பக்கத் தூணில் கதவு ரப்பருக்கு உள்ளே இறக்குங்கள். தூணின் மூடியைக் கழற்ற வேண்டாம் என்பது என் ஆலோசனை. உள்ளே திரை ஏர்பேக் இருந்தால் வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும், முன்னால் போனால் ஏர்பேக் விரியும்போது வயரும் சேர்ந்து முகத்துக்கு வரும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் பற்றரியின் நெகட்டிவைக் கழற்றி குறைந்தது 90 விநாடி பொறுக்க வேண்டும். அங்கேதான் இன்னொரு சிக்கல்: ஜப்பானில் இருந்து வந்த டொயோட்டா நாவிகேஷன் செட்கள் பல, பற்றரியைக் கழற்றிப் பூட்டினால் பாஸ்வேர்ட் கேட்டுக்கொண்டு நிற்கும், அது உங்களிடம் இருக்காது. தூண் வேலை மட்டும் தெரிந்த எலெக்ட்ரிக் பாஸ் ஒருவரிடம் கொடுப்பதில் வெட்கமில்லை. “ஏர்பேக்குக்குப் பின்னால எடுங்க பாஸ், மற்ற வயரோட சேர்த்துக் கட்டுங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

பூட்டி முடிந்ததும்

காரை ஓடவிட்டுப் பெட்டியில் சார்ஜ் விளக்கு எரிகிறதா பாருங்கள். பத்து நிமிடம் கழித்து பியூஸ் டாப்பையும் முடிச்சுகளையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, விரல் வைக்க முடியாத சூடு என்றால் எங்கோ இணைப்புத் தளர்வு, உடனே அணைத்துச் சரிசெய்யுங்கள். காரை அணைத்தால் கமரா பார்க்கிங் மோடுக்கு மாற வேண்டும், பெட்டியில் சார்ஜ் நிற்க வேண்டும்.

மோட் எது என்பது நிறுத்தும் இடத்தைப் பொறுத்தது. தெருவோரம் நிறுத்துகிறவர்கள் அசைவைக் கண்டு பதியும் மோடை வைத்தால் போகும் நாய், வரும் ஓட்டோ, ஆடும் மரம் எல்லாம் பதிவாகி, தேட வேண்டிய அரை நிமிடம் அதற்குள் புதைந்துவிடும். அவர்களுக்கு ரைம் லாப்ஸ் (இடைவெளி விட்டுப் படம் எடுத்துச் சேர்க்கும் மோட்), அல்லது தரம் குறைத்துத் தொடர்ந்து பதியும் மோட் நல்லது. தொடர்மாடியின் அடித்தளத்தில் நிறுத்துகிறவர்களுக்கும், முன்னே சொன்ன பள்ளிக்கூட ஓட்டக்காரர்களுக்கும், அடிபட்டால் மட்டும் எழும்பும் குறைந்த கரண்ட் மோட் போதும். அதிர்வு உணர்வைக் காலி வீதியோரம் குறைத்து வையுங்கள், பஸ் ஒன்று போனாலே எழும்பும். சேதம் கண்டதும் முதல் வேலையாக அந்தப் பதிவைப் போனுக்கு இறக்கிவிடுங்கள். இன்சூரன்ஸ்காரர் வந்து படம் எடுத்து முடிப்பதற்குள் பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடக் கூடும்.

மத்தியானம் வெட்டவெளியில் நிறுத்தியபோது பெட்டி தானாக அணைந்திருந்தால் அது பழுது இல்லை, சூட்டுப் பாதுகாப்பு. கண்ணாடிக்கு வெயில் மறைப்பு வைத்தும் தொடர்ந்தால் பெட்டியின் இடத்தை மாற்றிப் பாருங்கள். யாழ்ப்பாணம் போய் ஒரு கிழமை காரைத் தொடப் போவதில்லை என்றால் பெட்டியைப் பாதிக்கு மேல் சார்ஜில் வைத்து அதன் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். இருபது மணித்தியாலத்துக்கு மேல் அது எப்படியும் பார்க்காது, மீதி நாளைக்குக் காரை உள்ளே விட ஒரு கேற் உள்ள சொந்தக்காரர் வீடு பாருங்கள்.